வினாயகபுரத்து மணலும் ஆலிஸின் அற்புத உலகமும்

கல்முனையிலிருந்து தெற்கே பொத்துவில் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலே பயணஞ் செய்வது தனியின்பம். சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என முஸ்லிம் ஊர்களும் தமிழூர்களும் அடுத்தடுத்து வரும். பள்ளிவாசலின் மினாராவைக் கண்ட கண் சற்றுத் தூரத்திலே கோயிற் கோபுரத்தைக் காணும். சந்தையிலும் வயலிலும் ஒலிக்கும் மொழியோ ஒன்றே. அக்கரைப்பற்றைத் தாண்டினால் கண்ணகை அம்மன் கோயில் கொண்ட தம்பிலுவில், அதன்பின் சித்திர வேலாயுத சுவாமி எழுந்தருளியிருக்கும் திருக்கோவில், அதனையடுத்து வினாயகபுரம்.

கிழக்கே கடல், மேற்கே வயல், இடையிலே மணல் என்று அமைந்த ஊர் இது. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை இக்கரையோரத்தையெல்லாம் கலக்கிச் சென்றது. எனினும் மாலையில் கரைக்குச் சென்றால், வள்ளங்களின் நிழலிலே சிறுவர் ஓடி விளையாடுவதை இன்றும் காணலாம்.

நாம் இவ்வூருக்குச் சென்றபோது மாணவர் சிலரும் உடன் வந்திருந்தனர். மணலில் அமர்ந்திருக்கையில், கல்லூரிக் கலைவிழாவில் எந்த நாடகத்தை மேடையேற்றுவது என்ற பேச்சு எழுந்தது. “சேர், இந்த முறை ஆலிஸின் கதையை இசை நாடகமாகப் போடுவம். நியூயோர்க்கில் போட்ட மாதிரியே மேடையைச் சோடிப்பம்” என்றார் ஒரு மாணவர். அந்நாடகத்தின் பாடலொன்றையும் கைப்பேசியிலே கேட்பித்தார். பாடல் இனிமையாகவே இருந்தது. ஆயினும் அந்த நாடகத்திற்கு நேர்ந்த கதியை அவர் அறிந்திருக்கவில்லை.

1862ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒருநாள், ஒக்ஸ்போர்டு நகரத்துக் கணித ஆசிரியர் ஒருவர் மூன்று சிறுமியரைப் படகிலேற்றிச் சென்று, பொழுதுபோக்காக ஒரு கதை சொன்னார். முயலைத் துரத்தி அதன் வளைக்குள் விழுந்த சிறுமியின் கதை அது. 1865இல் லூயிஸ் கரோல் என்ற புனைபெயரில் அதனை அவர் நூலாக வெளியிட்டார். 1886இல், அவருடைய சம்மதத்துடனேயே, அக்கதை இலண்டனில் இசை நாடகமாயிற்று. மக்கள் அதனை விரும்பிப் பார்த்தனர். ஆகவே, இக்கதை மேடைக்கு ஒவ்வாதது என்று எவரும் சொல்வதற்கில்லை.

மாணவர் குறிப்பிட்ட ‘வொண்டர்லாண்ட்’ என்னும் நாடகம் நியூயோர்க்கின் பிரோட்வே அரங்கிலே 2011ஆம் ஆண்டு சித்திரை 17இல் தொடங்கி, வைகாசி 15இல் நின்றுபோயிற்று. தொடக்க நாளிலிருந்து நடந்த காட்சிகள் 33 மட்டுமே. அதில் ஆலிஸ் சிறுமியல்லள். குடும்பக் கவலை நிறைந்த ஒரு தாய். முயல் வளைக்குப் பதிலாகக் கட்டடத்தின் மின்தூக்கி வழியே அற்புத உலகிற்கு இறங்குகிறாள். 2015இல், நூலின் 150ஆம் ஆண்டு நிறைவையொட்டி இங்கிலாந்தின் மான்செஸ்டரில் வேறோர் இசை நாடகம் அரங்கேறிற்று. அதிலே இணைய விளையாட்டினுள் புகுந்து துயர் மறக்கும் ஒரு சிறுமி வருகிறாள். அதன் காட்சி விந்தைகளைப் பாராட்டிய விமர்சகர் பலர், கதையிலே குறை கண்டனர்.

குறை எங்கே நேர்ந்தது? மூலக்கதையின் ஆலிஸ் எந்த நோக்கமும் கொண்டு புறப்பட்டவளல்லள். ஆவல் தூண்டியது, சென்றாள். எதைக் கண்டாலும் அதற்கொரு நீதி கூறும் சீமாட்டி ஒருத்தியைக் கதாசிரியர் நகைப்புக்கு இடமாக்கியிருக்கிறார். பின்வந்தோரோ அக்கதைக்கே ஒரு நீதியைப் பூட்டினர். பார்ப்போர் மனத்திலே தோன்றவேண்டிய வியப்பை விளக்கும் திரையும் காட்ட முயன்றன. எல்லாவற்றையும் மேடையே காட்டிவிட்டால், பிள்ளையின் கற்பனைக்கு என்ன வேலை இருக்கிறது?

நம் மட்டக்களப்புக் கூத்தர் இவ்விரகசியத்தை நன்கறிந்தவர்கள். வட்டக்களரியைச் சுற்றி நான்கு புறமும் சனங்கள் அமர்ந்திருப்பர். மலையும் காடும் எழுதிய திரை அங்கில்லை. அரசன் பாடிக்கொண்டே களரியைச் சுற்றி வந்தால் காடு கடந்துவிட்டான் என்று குழந்தையும் அறியும். வசந்தன் ஆட்டத்திலே கோலடித்துப் பாடிச் சுழல்கின்றனர். முஸ்லிம் ஊர்களின் பொல்லடியிலும் கம்பும் பாட்டுமே போதுமானவையாக இருக்கின்றன.

பழையதைப் புதுக்குவது தவறு என்று நாம் சொல்லவில்லை. காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகள் 1926இல் ‘மதங்க சூளாமணி’ என்னும் நூலின் வாயிலாகச் சேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழருக்கு அறிமுகஞ் செய்தார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ ஆகியவற்றை மேடையேற்றினார். விடிய விடிய ஆடும் கூத்து சில மணி நேரத்துள் அடங்கியபோதும் ஆட்டமும் பாட்டும் அதனை விட்டு நீங்கவில்லை. பேராசிரியர் சி. மௌனகுரு ‘தப்பி வந்த தாடி ஆடு’ போன்ற சிறுவர் நாடகங்களை எழுதினார். உயிரைக் காத்து உருவை மாற்றியமையே இவர்களது வெற்றிக்குக் காரணம்.

இதனையே மாணவருக்கும் எடுத்துரைத்தோம். ஆலிஸ் திடீரென வளர்கிறாள் என்றால் அதற்குப் பொறி வேண்டாம். பிற்பாட்டுக்காரர் “வளர்ந்தாள்” என்று பாடும்போது சுற்றி நிற்போர் குந்தினாலே அவள் வளர்ந்துவிடுவாள்.

“சனங்கள் சிரிப்பாங்களே, சேர்?” என்றார் ஒருவர்.

“சிரிக்கட்டும். சிரிக்கவைக்கத்தானே அந்தக் கதை பிறந்தது!” என்றோம்.

இது கலையோடு மட்டும் நின்றுவிடும் காரியமன்று. வாடகை விளக்கு, வாடகை உடுப்பு, ஒலிப்பதிவுக்கு வாயசைத்தல் என்ற வழக்கம் இன்று பள்ளி மேடைகளிலே பெருகி வருகின்றது. கடலுக்குச் செல்லும் தந்தையால் உடுப்புக்குப் பணம் கொடுக்க இயலாவிட்டால், நன்றாகப் பாடும் பிள்ளையும் பின்வரிசைக்குப் போய்விடுகிறது. பாட்டோ பதிவிலே இருப்பதால், அப்பிள்ளையின் குரல் எவருக்கும் தேவைப்படுவதில்லை. பெருநகரத்து அரங்கு தோற்றால் முதலிட்டோருக்குப் பணம் நட்டம். நம்மூர்ப் பள்ளியிலோ ஒரு பிள்ளையின் துணிவே நட்டமாகிவிடும்.

ஆசிரியர்களும் பெற்றோரும் இவ்வாண்டு ஒருமுறை முயன்று பார்க்கலாம். ஒரு மத்தளம், ஒரு சோடி தாளம், பிள்ளைகளின் சொந்தக் குரல் ஆகிய மூன்றும் போதும். வசந்தன் பழகிய பிள்ளைகளும் பொல்லடி பழகிய பிள்ளைகளும் ஒரே களரியில் இறங்கினால், ஆலிஸின் அற்புத உலகத்தை இந்தக் கரையிலேயே காணலாம். அதற்கு நுழைவுச் சீட்டும் வேண்டியதில்லை.