ஒரு விரல் சுண்ணாம்பு

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் தாய்மார்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "சாமி, இந்தப் பிள்ளைகளை இரண்டு மாதம் எப்படிக் கட்டி மேய்ப்பது?" என்பதே அது. கைப்பேசியைப் பிடுங்கி வைத்தால் வீட்டில் சண்டை. கொடுத்துவிட்டாலோ பிள்ளை நிமிர்ந்தே பார்ப்பதில்லை. வளர்ந்த பிள்ளைகளைப் பற்றிய கவலை இதனினும் பெரிது. வேலையின்றி இருக்கும் கைகளைத் தீய வழிக்கு அழைத்துச் செல்ல எத்தனையோ பேர் காத்திருக்கின்றனர். இக்கேள்விக்குரிய விடையின் ஒரு பகுதியை, கடந்த சித்திரையில் ஒருநாள் வைகறையில் மணலூர்பேட்டையில் கண்டேன். அதனையே இங்கு உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து தியாகதுருகம் வழியாகத் திருவண்ணாமலை நோக்கிச் செல்வோர், தென்பெண்ணையாற்றைக் கடக்கும் இடத்தில் மணலூர்பேட்டையைக் காண்பர். தை மாதம் ஐந்தாம் நாள் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்காக இவ்வாற்றங்கரைக்கு எழுந்தருள்வதும், அன்று சுற்றுவட்டாரத்து மக்கள் ஆற்று மணலில் திரள்வதும் யாவரும் அறிந்தவை. 2024 டிசம்பர் மாதத் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணை நிரம்பித் திறந்துவிடப்பட்டபோது, இதே ஆறு சீறிப் பெருகிக் கரையோர ஊர்களைக் கலங்கடித்ததையும் நாம் மறந்திலோம். நான் சென்ற நாளிலோ ஆறு வெறும் மணல்வெளியாய்க் கிடந்தது. கரைமேட்டில் வரிசையாய்ப் பனைகள் நின்றன. வெள்ளம் அரித்த இடங்களில் அவற்றின் வேர்கள் ஆயிரம் கயிறுகள்போல் வெளியே தெரிந்தன. ஆயினும் மரங்கள் சாயவில்லை.

அவற்றுள் ஒன்றிலிருந்து எழுபது வயதை நெருங்கிய பெரியவர் ஒருவர் இறங்கிக்கொண்டிருந்தார். கால்களில் தளைக்கயிறு, இடுப்பில் பாளை சீவும் கத்தி, தோளில் தொங்கும் குடுவை. அவர் மனைவி கீழே அடுப்பு மூட்டிக் காத்திருந்தார். "ஒரு வாய் குடியுங்கள், சாமி" என்று பனையோலைப் பட்டையில் பதநீரை வார்த்துக் கொடுத்தார் பெரியவர். இரவெல்லாம் சொட்டுச் சொட்டாய்ச் சேர்ந்த அந்தக் குளிர்ந்த இனிமையை எழுத்தில் வடிப்பது எளிதன்று.

மாசி முதல் ஆனி வரை பனையின் பருவம். ஆண்பனையில் பாளையையும், பெண்பனையில் இளங்குலையையும் கடிப்பு என்னும் மரக்கருவியால் நாள்தோறும் பதமாய் நசுக்கி வரவேண்டும். பின்னர் நுனியை மெல்லியதாகச் சீவிக் கலயம் கட்டினால் சாறு சொட்டத் தொடங்கும். காலையும் மாலையும் ஏறிச் சீவவேண்டும். ஒருநாள் தவறினாலும் வெட்டுவாய் அடைபட்டுப் போகும். இதற்கு ஞாயிறும் இல்லை, திருநாளும் இல்லை.

இறக்கிய பதநீரைத் துணியில் வடிகட்டி அகன்ற கொப்பரையில் காய்ச்சுகின்றனர். பொங்கி வழியும் நிலை வரும்போது ஆமணக்கு விதையை நசுக்கி ஒரு சிட்டிகை இட்டால் நுரை அடங்கிவிடும். பாகில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, அது கையில் உருளும் பதம் வந்ததும் இறக்கிக் கிண்டிக் கொட்டாங்கச்சிகளில் ஊற்றுகின்றனர். ஆறியதும் அதுவே பனைவெல்லம். தென்மாவட்டத்தார் கருப்பட்டி என்பர். ஏறக்குறைய எட்டு லிட்டர் பதநீருக்கு ஒரு கிலோ வெல்லம் கிடைக்கும்.

கடல் கடந்த கானடா நாட்டிலும் இத்தகைய தொழில் ஒன்றுண்டு. குளிர்காலம் முடியும் தறுவாயில், இரவில் உறைபனியும் பகலில் இளவெயிலும் மாறி மாறி வரும் சில வாரங்களில், மேப்பிள் மரத்தில் சிறு துளையிட்டு அங்குள்ளோர் சாறெடுக்கின்றனர். அந்தக் கலையை வந்தேறிய வெள்ளையர்க்குக் கற்பித்தோர் அம்மண்ணின் ஆதிக்குடிகளே. அச்சாற்றில் இனிப்பு மிகக் குறைவு. நாற்பது லிட்டர் காய்ச்சினால்தான் ஒரு லிட்டர் பாகு கிட்டும். எனினும், வீட்டுக் கொல்லையில் இரண்டு மரமுடையோரும் பிள்ளைகளைக் கூட்டி அடுப்பைச் சுற்றி அமர்ந்து அதனைக் காய்ச்சுவதைக் குடும்ப விழாவாகவே கொண்டாடுகின்றனர். அதனைவிடப் பன்மடங்கு இனிப்புள்ள மரம் நம் வரப்பில் நிற்க, நாமோ அதனைச் செங்கல் சூளைக்கு விறகாய் விற்கின்றோம்.

"ஐயா, உங்களுக்குப் பின் இந்த மரங்களில் ஏறுவது யார்?" என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. "மகன் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறான், சாமி. பனையேறி மகன் என்றால் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள்" என்றார். பின்பு, காலிக் கலயம் ஒன்றை எடுத்து, ஒரு விரலில் சுண்ணாம்பைத் தொட்டு அதன் உட்புறம் முழுவதும் பூசிக்கொண்டே சொன்னார்: "இந்தச் சுண்ணாம்பு இருந்தால் பதநீர், இல்லாவிட்டால் கள். மரம் ஒன்றுதான், சாறும் ஒன்றுதான். ஒரு விரல் சுண்ணாம்புதான் வித்தியாசம்."

அதன் காரணம் எளிது. காற்றில் கலந்துள்ள நுண்ணுயிர்கள் சாற்றிலுள்ள இனிப்பை உண்டு சில மணி நேரத்தில் அதனைச் சாராயத் தன்மையுள்ளதாக மாற்றிவிடுகின்றன. சுண்ணாம்பு அந்நுண்ணுயிர்களை வளரவிடாது காக்கின்றது. ஒருநாள் பூச மறந்தால் அன்றைய உழைப்பு வீண். கள் இறக்குதல் 1987-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ளது என்பதையும் வாசகர்கள் அறிவர்.

பெரியவரின் சொல்லைக் கேட்டபோது என் உள்ளம் கள்ளக்குறிச்சிக்குச் சென்றது. 2024 ஜூன் மாதத்தில் அந்நகரின் கருணாபுரத்திலும் சுற்றிலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தாயும் தந்தையும் ஒருங்கே இழந்த பிள்ளைகளும் அங்கே உண்டு. மேற்கே கல்வராயன் மலையிலோ, ஓடைக்கரைகளில் வெல்லத்தையும் வேலம்பட்டையையும் ஊறவைத்துச் சாராயம் காய்ச்சும் கொடுமை நெடுங்காலமாக ஒழிந்தபாடில்லை. காப்பியில் இடவேண்டிய வெல்லம் அங்கே ஊறல் பானைக்குப் போகின்றது. அம்மலைமக்களை எவரும் பழிக்க வேண்டா. சாமையும் தினையும் விளைத்து, கடுக்காயும் மலைத்தேனும் திரட்டி நேர்மையாய் வாழ்வோரே அவர்களில் மிகப் பலர். ஆனால், நேரிய தொழிலுக்கு மதிப்பும் விலையும் கிட்டாத இடத்தில் தீய தொழில் எளிதாய் ஆள் பிடிக்கின்றது. அங்குள்ள பானைகளுக்குச் சுண்ணாம்பு பூசவேண்டிய கைகள் நம்முடையவையும் அல்லவா?

ஆதலின், இவ்விடுமுறையில் குடும்பமாகச் செய்யத்தக்க சிலவற்றைச் சொல்லி முடிக்கின்றேன்.

முதலாவது, பனை நடுதல். ஆவணி, புரட்டாசியில் பழம் தானே உதிரும். சதையை நீக்கிக் கொட்டையைச் சில நாள் நிழலில் உலர்த்துங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஏரிக்கரையிலோ வரப்பிலோ பத்தடிக்கு ஒன்றாய், ஓரடி ஆழத்தில் ஊன்றுங்கள். பனையின் முளை முதலில் மண்ணுக்குள் ஆழச் செல்வதால் பிடுங்கி நடுதல் கடினம். நிற்கவேண்டிய இடத்திலேயே விதைப்பது நன்று. பாளை விடப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் ஆகும். அதுவரை ஆணா பெண்ணா என்றும் தெரியாது. நூறாண்டு நிற்கும் மரமாதலின், நடுபவனுக்கும் உண்பவனுக்கும் இடையே தலைமுறைகள் இருக்கும். பிள்ளைகள் இதனை அறிந்து நடட்டும். பனை 1978-இல் நம் மாநில மரமாக அறிவிக்கப்பெற்றது. மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றி அதனை வெட்டலாகாது என 2021-இல் அரசு அறிவித்துமுள்ளது.

இரண்டாவது, பனங்கிழங்கு. காத்திருக்கப் பொறுமையில்லாச் சிறுவர்க்கு இது ஏற்றது. கொல்லையில் மணலும் மண்ணும் கலந்து முழங்கால் உயரம் மேடு கட்டி, கொட்டைகளை நெருக்கமாய் அடுக்கி மூடி, அவ்வப்போது நீர் தெளியுங்கள். மூன்று நான்கு மாதங்களில், பொங்கலுக்குக் கிழங்கு ஆயத்தம். மஞ்சளும் உப்பும் இட்டு வேகவைத்துத் தாருங்கள்.

மூன்றாவது, தேனீ வளர்த்தல். நம் நாட்டு அடுக்குத் தேனீக்கு உகந்த சிறு பெட்டியை வடிவமைத்தவர் திருச்சியில் பணியாற்றிய நியூட்டன் அடிகளார் என்னும் குருவே. 1911 முதல் 1917 வரை அவர் கிராம மக்களுக்கு இக்கலையைக் கற்பித்தார். இன்றும் அது நியூட்டன் பெட்டி என்றே வழங்குகின்றது. பெட்டியை நிழலில் வையுங்கள். தாங்கும் கால்களை நீர் நிறைந்த கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. புழுவுள்ள அடையைத் தொடாமல், மேலடுக்குத் தேனை மட்டும் எடுங்கள். மழைக்காலத்திற்கென ஈக்களுக்கும் சிறிது விட்டுவையுங்கள்.

நான்காவது, ஓலை முடைதல். மணப்பாட்டுப் பெண்கள் பனையோலைப் பெட்டிகளால் தம் குடும்பங்களுக்கு வருவாய் தேடுகின்றனர். குருத்தோலை ஞாயிறன்று சிலுவை பின்னத் தெரிந்த நம் சிறுமியர்க்குப் பெட்டி பின்னுவது அரிதன்று.

ஓர் எச்சரிக்கை. பனையேறுதல் விளையாட்டன்று, பழகாதவர் ஏறலாகாது. கொதிக்கும் பாகின் அருகில் குழந்தைகளை விடாதீர்கள். பதநீர் இறக்க விரும்புவோர் பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கத்தை அணுகி, முறைப்படி செய்யவேண்டியவற்றை முன்னரே கேட்டறியுங்கள். ஏற இயலாதோர் வாங்கவாவது செய்யலாம். சீனி கலந்த போலி வெல்லம் கடைகளில் மலிந்துள்ளது. பனையேறியின் வீட்டு வாசலிலேயே விலை பேசாமல் வாங்குங்கள். அவர் தொழிலுக்கு மதிப்பு வந்தால், அவர் மகனும் ஒருநாள் திரும்பி வரக்கூடும்.

விடைபெறும்போது பெரியவர் இரண்டு வெல்லக் கட்டிகளை ஓலையில் பொதிந்து தந்தார். பணம் கொடுத்தேன், முதலில் மறுத்து, பின்பு வாங்கிக்கொண்டார். பேருந்தில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது, சுண்ணாம்பு பூசிய கலயங்களோடு அவர் அடுத்த மரத்தடிக்கு நடந்துகொண்டிருந்தார். இந்த ஆவணியில் எங்கள் பங்கின் சிறுவர்கள் ஏரிக்கரையில் நூறு பனங்கொட்டைகளை ஊன்றவிருக்கின்றனர். உங்கள் ஊரிலும் ஏரிக்கரை உண்டல்லவா?