ஜகார்த்தாவில் வீசிய மேலகரத்துக் காற்று

2018 ஆகஸ்ட் மாதம். குற்றாலம் பக்கத்து மேலகரத்தில் சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருக்க, கொடியில் போட்ட துணி இரண்டு நாளாகியும் ஈரம் போகாமல் கிடந்த நேரத்தில் நான் ஜகார்த்தாவுக்கு விமானம் ஏறினேன். அங்கே பெரியம்மா மகள் வீட்டு மொட்டை மாடியில் உலர்த்திய சேலை அரை மணி நேரத்தில் அப்பளமாக மொறுமொறுத்தது. வானத்தில் பேருக்குக்கூட மழை மேகம் இல்லை.

எங்களுக்குச் சாரல் சீசன் என்றால் ஜாவாவுக்கு வறண்ட பருவம். ஆனால் இரண்டு ஊர்க்காற்றுக்கும் உறவு உண்டு. அந்த மாதங்களில் ஆஸ்திரேலியாப் பக்கமிருந்து வறண்ட தென்கிழக்குக் காற்று ஜாவாவின் மேல் வீசுகிறது. தென்கோளத்தின் இந்தத் தென்கிழக்குக் காற்றுகள் நிலநடுக்கோட்டைத் தாண்டியதும், பூமி சுழல்வதால் வலப்பக்கம் வளைகின்றன. வழியெல்லாம் கடலின் ஈரத்தைச் சேர்த்துக்கொண்டு தென்மேற்குப் பருவக்காற்றாக மேற்குத் தொடர்ச்சி மலையில் வந்து மோதுகின்றன. அதில் மிஞ்சியதுதான் ஆரியங்காவுக் கணவாய் வழியாக நழுவி, குற்றாலத்தில் சாரலாக நம் முகத்தில் அடிக்கிறது. பிறந்ததிலிருந்து பழகிய காற்றின் பூர்வீக வீட்டு வாசலில் வந்து நிற்கிறோம் என்று தோன்றியதும் ஜகார்த்தாவின் வெயில்கூடப் பெரிதாகத் தெரியவில்லை.

அது ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்த சமயம். ஊரெங்கும் சொர்க்கப் பறவையும் மானும் காண்டாமிருகமும் சின்னங்களாகச் சிரித்துக்கொண்டிருந்தன. முதலில் சுந்தா கெலாப்பா என்ற பழைய துறைமுகத்துக்குப் போனோம். பினிசி எனப்படும் பெரிய மரக்கப்பல்கள் மூக்கை உயர்த்தியபடி வரிசையாக நின்றன. ஒற்றைப் பலகையில் கால் வைத்து ஆட்கள் சுமையோடு ஏறி இறங்கினார்கள். இன்று அந்தக் கப்பல்களை ஓட்டுவது எஞ்சின்தான் என்று தெரிந்ததும் எனக்குச் சற்று ஏமாற்றம். காற்றை மட்டும் நம்பி ஓடுகிற படகைப் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கே அஞ்சோல் கடற்கரைக்குப் போக வேண்டும் என்றார் அத்தான். பாய்மரப் படகுப் போட்டிகள் அங்கேதான் நடந்தன.

“கரையில உக்காந்து என்னத்தம்மா பாக்கப் போற? எல்லாம் புள்ளி புள்ளியாத்தான் தெரியும்” என்று அவரே எச்சரிக்கவும் செய்தார்.

“புள்ளியாத் தெரிஞ்சாலும் பரவால்ல அத்தான், பைனாகுலர எடுத்துக்கிடுங்க” என்றேன்.

அவர் சொன்னது உண்மைதான். பாய்மரப் பந்தயம் பார்வையாளர்களுக்காகப் பிறந்த விளையாட்டு அல்ல. ஆனால் படகுகள் கரையைவிட்டுக் கிளம்பும்போதும் திரும்பும்போதும் கிட்டத்தில் பார்க்கலாம். நான் வாயைப் பிளந்தது அப்போதுதான். பெண்கள் இருவர் ஓட்டும் படகுக்கு 49இஆர் எஃப்எக்ஸ் என்று பெயர். சுமார் 5 மீட்டர் நீளம், ஒல்லியான உடம்பு, இரண்டு பக்கமும் இறக்கைபோல் நீண்ட சட்டங்கள். பாய்மரத்தின் உயரத்தைப் பார்த்தால் இந்த உடம்பு இதை எப்படித் தாங்கும் என்று பயம் வரும். தாங்காதுதான். சும்மா விட்டால் கவிழ்ந்துவிடும்.

கவிழாமல் நிறுத்துவது இரண்டு பெண்களின் உடல் எடை. இடுப்புக் கச்சையின் கொக்கியைப் பாய்மரத்திலிருந்து வரும் கம்பியில் மாட்டிக்கொண்டு, இறக்கையின் விளிம்பில் பாதங்களை ஊன்றி, முதுகுக்குக் கீழே கடல் ஓட, இருவரும் காற்றில் மல்லாந்து கிடக்கிறார்கள். காற்று பாயைத் தள்ளும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இவர்கள் பாரம். காற்று தணிந்தால் உள்ளே வர வேண்டும், வலுத்தால் வெளியே நீள வேண்டும். அரை நொடி பிந்தினாலும் படகு தண்ணீரில் சாய்ந்துவிடும். சாய்ந்தால் அடியில் நீட்டியிருக்கும் பலகையில் ஏறி மிதித்து, நிமிர்த்தி, மறுபடி ஓட்ட வேண்டும்.

வேலைப் பிரிவினை இன்னும் விசித்திரம். சுக்கான் ஒருத்தி கையில். காற்றை எதிர்த்துப் போகும்போது பெரிய பாயின் கயிறு மற்றவள் கையில். திசை ஒருவரிடம், வேகம் இன்னொருவரிடம். காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாய்மரமும் போக முடியாது. இடமும் வலமுமாக வளைந்து வளைந்துதான் காற்று வரும் பக்கத்து மிதவையை அடைய வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் இருவரும் கம்பியைக் கழற்றி, பாயின் அடியில் குனிந்து ஓடி, மறுபக்கம் மாட்டிக்கொண்டு சாய்கிறார்கள். மிதவையைச் சுற்றித் திரும்பியதும் முன்னால் மூன்றாவதாக ஒரு பெரும் பாய் விரிகிறது. அங்கிருந்து படகு ஓடுவதில்லை, பறக்கிறது.

பிற்பகலில் கடற்காற்று ஏறியபோது தண்ணீரின் நிறம் அங்கங்கே கறுத்து நகர்ந்தது. அந்தக் கறுப்புத் திட்டுகள்தான் வலுத்த காற்று என்றார் அத்தான். எனக்கு அது புதிதில்லை. கார் சாகுபடி வயலில் காற்று கடந்து போகும்போது பயிர் படுத்து எழும்புமே, அதே நடைதான். எந்தத் திட்டு எப்போது தன் படகைத் தொடும், அது திசை மாறி வருகிறதா என்று படித்துச் சொல்வது இந்த விளையாட்டில் பாதி வெற்றி. பந்தயப் பாதை என்று கடலில் கோடு போட்டிருப்பதில்லை. ஒரு ஜோடி இடப்பக்கம் போகும், இன்னொன்று வலப்பக்கம் போகும். யார் காற்றைச் சரியாகப் படித்தார்கள் என்பது மிதவையில் சந்திக்கும்போதுதான் தெரியும்.

புறப்படுவதும் ஒரு சாமர்த்தியம். எல்லாப் படகும் ஓடிக்கொண்டே இருக்கும். கொடிகள் ஏறி இறங்கி நேரம் எண்ணும். கடைசிக் கொடி இறங்கும் கணத்தில் கோட்டில் இருக்க வேண்டும், முந்திவிட்டால் திரும்பி வந்து மறுபடி தொடங்க வேண்டும். முதலாவதாக வந்தால் 1 புள்ளி, இரண்டாவதாக வந்தால் 2. கடைசியில் குறைந்த புள்ளி வைத்திருப்பவரே வென்றவர். ஒரே நாள் அதிர்ஷ்டம் இங்கே செல்லாது. நாள் கணக்கில் பல பந்தயங்களில் தவறாமல் ஓட்டியாக வேண்டும்.

அந்தப் படகுக் கூட்டத்தில் இந்தியக் கொடியோடு ஓடியவர்கள் சென்னையின் வர்ஷா கௌதமும் அவருடைய இணை ஸ்வேதா ஷெர்வேகரும். வர்ஷா அதற்கு முன்பே பேர் பெற்றவர். 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில், 29இஆர் என்ற இருவர் படகில் ஐஸ்வர்யா நெடுஞ்செழியனோடு சேர்ந்து வெண்கலம் வாங்கியிருந்தார். ஜகார்த்தாவில் ஆகஸ்ட் 31 அன்று முடிவு வந்தது. 15 பந்தயங்கள், 40 புள்ளிகள், வெள்ளி. தங்கம் சிங்கப்பூரின் கிம்பர்லி லிம், சிசிலியா லோ ஜோடிக்கு. ஆண்கள் 49இஆர் படகில் வருண் தக்கரும் கே.சி. கணபதியும் வெண்கலம் வென்றார்கள். கிரிக்கெட் ஸ்கோர் கேட்கும் நம் டீக்கடைகளில் இந்தச் செய்தி எத்தனை நிமிஷம் ஓடியிருக்கும் என்று கணக்குப் போடாமலிருப்பது நல்லது.

பெண்களுக்கென்று தனிப் பாய்மரப் போட்டி ஒலிம்பிக்ஸில் நுழைந்ததே 1988இல்தான். சியோல் ஒலிம்பிக்ஸுக்காகப் புசான் கடலில் நடந்த 470 வகைப் படகுப் போட்டியில் அமெரிக்காவின் அலிசன் ஜாலியும் லின் ஜூயலும் முதல் தங்கத்தை எடுத்தார்கள். நான் பார்த்த எஃப்எக்ஸ் படகு ஒலிம்பிக்ஸுக்கு வந்தது 2016 ரியோவில். கடைசிப் பந்தயத்தில் பிரேசிலின் மார்ட்டினி கிரேலும் கஹேனா குன்ஸியும் நியூசிலாந்து ஜோடியை வெறும் 2 விநாடியில் முந்தித் தங்கம் பறித்தார்கள். நாள் கணக்கில் காற்றோடு மல்லுக்கட்டி, முடிவில் இரண்டு விநாடி! 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கு 470 ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓட்டும் படகாகிவிட்டது. பெண்கள் ஜோடிக்கு எஃப்எக்ஸ் நிலைத்திருக்கிறது.

ஜகார்த்தாவில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொரு பதக்கம். தனியாள் படகில் வெண்கலம் வென்ற 16 வயது ஹர்ஷிதா தோமர் மத்தியப் பிரதேசத்துப் பெண். கடலே இல்லாத மாநிலம் அது. போபால் நகரத்து மேல் ஏரியில் படகோட்டிப் பழகியவர். ஐந்து ஆண்டு கழித்து, 2023இல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தனியாள் படகில் வெள்ளி வென்ற நேஹா தாக்கூரும் அதே மாநிலத்தின் தேவாஸ் மாவட்டத்து விவசாயி மகள். போபாலில் ஒரு பயிற்சிப் பள்ளியும் ஏரியும் இருந்ததால் நடந்தது இது.

நம் ஊரிலிருந்து கடல் தூரம்தான். சிற்றாறு தாமிரபரணியில் கலந்து, அது மன்னார் வளைகுடாவைச் சேர்வதற்குள் மாவட்டமே மாறிவிடுகிறது. ஆனால் சீசன் மாதங்களில் கணவாயிலிருந்து இறங்கும் காற்றை நம்பித்தான் சுரண்டைப் பக்கம் காற்றாலைகள் சுற்றுகின்றன. நல்ல மழை வருஷத்தில் எங்கள் குளங்களும் அடவிநயினார் அணையும் நிறைந்து அலையடிக்கின்றன. காற்றை முகத்தில் வாங்கி வளர்ந்த பிள்ளைகளுக்கு அதைப் படிக்கத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதும் அதிகமிருக்காது. நாலு சின்னப் படகும், மிதவைச் சட்டையும், கற்றுக்கொடுக்க ஓர் ஆளும் வந்து சேரட்டும். சுக்கான் யாருக்கு, கயிறு யாருக்கு என்று எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் முதல் நாளே சண்டை போடத் தொடங்கிவிடுவார்கள்.