சின்னத்திரையும் தத்துக் குழந்தையும்

பிழைப்பை நாடித் தாயகம் விட்டு வந்த நம் குடும்பங்களில், இரவு உணவு வேளையே தொலைக்காட்சித் தொடரின் வேளையும் ஆகிவிட்டது. பெரியவர்கள் தமிழ்த் தொடரை நாடுகிறார்கள். மும்பையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளோ, பள்ளித் தோழரும் பக்கத்து வீட்டாரும் பேசிக்கொள்ளும் இந்தித் தொடரை நாடுகிறார்கள். ஊரில் பாட்டியின் கதை செய்துவந்த வேலையை இன்று அந்தப் பெட்டி செய்கிறது. எவர் நல்லவர், எவர் தீயவர், எது குடும்பம், யார் உறவு என்பனவற்றையெல்லாம் குழந்தைகள் நாம் அறியாமலே அதனிடம் கற்றுக்கொள்கிறார்கள். ஆதலின், அது உறவைப் பற்றி என்ன சொல்லித் தருகிறது என்று கவனிப்பது வீண்வேலை அன்று.

இக்கட்டுரையை நாங்கள் கணவனும் மனைவியுமாகச் சேர்ந்தே எழுதுகிறோம். எங்கள் ஒரே மகள் எங்களுக்குத் தத்து வழியாக வந்தவள். எட்டு மாதக் குழந்தையாக வந்தாள். இப்போது அவளுக்கு வயது 11. தத்தெடுத்த செய்தியை நாங்கள் அவளிடம் மறைத்ததில்லை. மற்றப் பிள்ளைகள் தாம் பிறந்த நாளின் கதையைக் கேட்டு மகிழ்வதுபோல, அவள் தான் வீட்டிற்கு வந்த நாளின் கதையைக் கேட்டு வளர்ந்தாள். இதனை எழுதலாமா என்று அவளிடமே கேட்டோம். "எழுதுங்கள், ஆனால் என் பெயரைப் போடாதீர்கள்" என்றாள். அவ்வாறே செய்கிறோம்.

இந்தித் தொடர்களில் நம்மவர் வீடு ஒன்று நடுநாயகமாக விளங்கியது, 2013 முதல் 2019 வரை ஸ்டார் பிளஸ் அலைவரிசையில் ஓடிய 'யே ஹை மொஹபத்தேன்' என்ற தொடரில் எனலாம். மஞ்சு கபூரின் 'கஸ்டடி' என்ற ஆங்கில நாவலைத் தழுவிய கதை அது. தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பெண் இஷிதா ஒரு பல் மருத்துவர். தாய்மை வாய்க்காது என்று மருத்துவர்கள் கூறிவிட்டதால் மணவாழ்வு கைகூடாது தளர்ந்திருப்பவள். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக் குடும்பத்தில் தாய் விட்டுப்போன ரூஹி என்ற சிறுமியிடம் அவள் மனம் ஒன்றுகிறது. அந்தச் சிறுமிக்காகவே அவளுடைய தந்தையை மணக்கவும் இசைகிறாள். இது சட்டப்படியான தத்து அன்று. எனினும், பெறாத பிள்ளைக்கு ஒருத்தி முழுத் தாயாக முடியும் என்பதை நாள்தோறும் இலட்சக்கணக்கான வீடுகளில் சொன்ன கதை. அதனைக் கண்டு நாங்கள் உள்ளம் குளிர்ந்தோம். ஆனால் கதை நீள நீள, வாடகைத் தாய் வழியாக அத்தம்பதியருக்கு இரத்த உறவுடைய மகள் ஒருத்தி பிறப்பதாகவும் வந்து சேர்ந்தது. பெறாமலே தாயானவள் என்ற பெருமையோடு அவளை விட்டுவைக்கக் கதைக்கு மனம் வரவில்லை போலும்!

2020இல் தொடங்கிய 'அனுபமா'வும் இதே வழியில்தான் நடந்தது. மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்த அனுபமா, மறுமணம் செய்துகொண்டபின் கணவன் அனுஜோடு சேர்ந்து ஒரு சிறுமியைத் தத்தெடுப்பதாக 2022இல் கதை அமைந்தது. குழந்தைப் பேறு இல்லாதவர்களே தத்தெடுப்பர் என்ற எண்ணத்தை அது உடைத்தது. நடுவயதில் அன்பினாலேயே ஒரு குழந்தையை ஏற்கலாம் என்று காட்டியது. அனுஜும் தத்துப்பிள்ளையாக வளர்ந்தவனே என்பது அதற்கு மேலும் அழகு சேர்த்தது. ஆயினும் 2023இல் பெற்ற தாய் மாயா வந்து சேர்ந்தாள். குழந்தை அவளோடு போனது. அந்தப் பிரிவால் கணவன் மனைவியரிடையே விரிசலும் விழுந்தது.

இவ்விரண்டு தொடர்கள் மட்டும் அல்ல. பல ஆண்டுகளாகப் பார்த்து வருவதில் நாங்கள் கண்டது மூன்று வழக்கங்கள். முதலாவது, தத்து என்பது மறைத்துவைக்க வேண்டிய இரகசியம். அது ஒரு திருமணப் பந்தலிலோ மருத்துவமனையிலோதான் வெடிக்கும். இரண்டாவது, வீட்டில் சண்டை மூண்டால் "நீ இந்த வீட்டு இரத்தம் அல்ல" என்று யாரேனும் ஒருவர் சொல்லியே தீருவார். மூன்றாவது, பெற்றவள் ஒருநாள் வருவாள். வந்து அழைத்துக்கொண்டு போவாள். நல்ல தொடர்கள் கடைசியில் அன்பே வென்றது என்று முடிப்பதும் உண்டு. ஆனால் அந்த முடிவு வருவதற்குள் குழந்தையின் காதில் அந்தச் சொல் நூறுமுறை விழுந்துவிடுகிறது.

கதை எழுதுவோர் ஏன் இவ்வழியே செல்கிறார்கள்? அவர்கள் கொடியவர்கள் அல்லர். பார்ப்பவர் எதனை விரும்புகிறாரோ அதனைத் தருவதே அவர்கள் தொழில். நம் நாட்டுத் தொடர்கள் தொடக்கத்திலிருந்தே பார்வையாளர் குரலுக்குச் செவிசாய்த்தவை. 1984இல் தூர்தர்ஷனில் தொடங்கிய 'ஹம் லோக்' குடும்பக் கட்டுப்பாட்டைப் பரப்புவதற்கென்றே அமைந்தது. அறிவுரை மிகுந்துவிட்டது என்று மக்கள் முகம் சுளிக்கவே, முதல் 13 பகுதிகளுக்குப்பின் அதன் போக்கை மாற்றிக் குடும்ப உறவுகளின் கதையாக்கினார்கள். பகுதிதோறும் முடிவில் நடிகர் அசோக் குமார் தோன்றிப் பார்ப்பவரோடு பேசுவார். அத்தொடருக்கு வந்த கடிதங்கள் ஏறக்குறைய 4 இலட்சம். 2000இல் தொடங்கிய 'கியோங்கி சாஸ் பீ கபீ பஹு தீ' தொடரில் மிஹிர் என்ற கதைத் தலைவன் இறந்துவிட்டதாகக் காட்டியபோது, நாடெங்கும் எழுந்த குமுறலைக் கண்டு அவனை உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். மக்கள் விரும்பினால் இறந்தவனும் எழுந்துவருவான் என்பது சின்னத்திரையின் நீதி.

இன்று கடிதத்தின் இடத்தைக் கருவி பிடித்துக்கொண்டது. 2015 முதல் 'பார்க்' என்ற அமைப்பு, நாடெங்கும் தேர்ந்தெடுத்த 50 ஆயிரத்திற்கும் மேற்பட்ட வீடுகளில் கருவி பொருத்தி, எந்தத் தொடரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கணக்கிட்டு வாரந்தோறும் வெளியிடுகிறது. அந்தக் கணக்கை வைத்தே விளம்பரமும், விளம்பரத்தை வைத்தே கதையும் நடக்கின்றன. பெற்ற தாய் வந்து நிற்கும் வாரத்தில் கணக்கு ஏறினால், அடுத்த வாரம் அவள் குழந்தையின் கையைப் பற்றுவாள். அந்தக் கருவிக்கு ஒன்று மட்டும் தெரியாது. பார்த்தவர் மகிழ்ந்து பார்த்தாரா, மனம் நொந்து பார்த்தாரா என்பதை அது அறியாது. கண்ணீரோடு பார்த்தாலும் அதற்கு ஓர் எண்ணே.

அப்படி ஒரு மாலை எங்கள் வாழ்விலும் வந்தது. சென்ற ஆண்டு மகள் பக்கத்து வீட்டு மாமியோடு அமர்ந்து ஒரு தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தத் தொடர் என்பது இங்கு வேண்டா. வளர்ந்த மகன் ஒருவனிடம் அவன் பெரியப்பா, "உன் உடம்பில் ஓடுவது எங்கள் இரத்தம் இல்லை" என்று கூவினார். வீடு திரும்பிய மகள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு பள்ளியில் கொடுத்த அடையாள அட்டையை எடுத்துவந்து அப்பாவிடம் நீட்டினாள். "என்னுடையதும் ஓ பாசிட்டிவ், உங்களுடையதும் ஓ பாசிட்டிவ்தானே அப்பா? அப்புறம் எப்படி வேறு இரத்தம் என்று சொல்கிறார்கள்?" என்றாள். எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. ஆனால் அடுத்து அவள் கேட்டதற்குச் சிரிக்க முடியவில்லை. "நான் தப்புச் செய்தால் நம் வீட்டிலும் யாராவது அப்படிச் சொல்வார்களா, அம்மா?" என்றாள்.

"மாட்டார்கள்" என்று உறுதியாகச் சொன்னோம். வீட்டிற்குள் அந்த உறுதியை எங்களால் காக்க முடியும். வெளியே? விழாக்களிலும் திருமணங்களிலும், "இவள் சொந்தக் குழந்தையா, எடுத்து வளர்ப்பதா?" என்று அவள் எதிரிலேயே கேட்போர் இருக்கிறார்கள். கேட்பவர் பெரும்பாலும் நல்லவரே. தொடர்களில் அன்றாடம் கேட்ட சொல் அவர் நாவில் தானே வந்துவிடுகிறது. 'சொந்தம்' என்பதற்கு எதிர்ச்சொல் 'தத்து' என்று அவருக்கு யாரோ கற்பித்திருக்கிறார்கள்.

சட்டம் அவ்வாறு கற்பிக்கவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டப்படி, தத்தான நாள்முதல் அக்குழந்தை எல்லா வகையிலும் தத்தெடுத்தவரின் குழந்தையே. முறைப்படி செய்த தத்தை எவரும் இரத்துச் செய்ய முடியாது. தத்துப்பிள்ளையும் பிறந்த குடும்பத்திற்குத் திரும்பிச் செல்ல முடியாது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டவழியில், குழந்தையை ஒப்படைக்கும் பெற்றோருக்கு மறு யோசனை செய்ய 2 மாத அவகாசம் உண்டு. அதன் பின்னரே குழந்தைகள் நலக் குழு அக்குழந்தையைத் தத்துக்கு உரியதென அறிவிக்கும். முன்னர் நீதிமன்றம் வழங்கிய தத்து ஆணையை 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியர் வழங்குகிறார். ஆணை பிறந்தபின், பெற்றவர் மனம் மாறி வந்து கூடத்தில் நின்று கையைப் பிடித்து அழைத்துப்போக வழியில்லை. பிள்ளைக்கு 18 வயது நிறைந்தபின் தன் பிறப்பின் வேரை அறிய விரும்பினால், அதற்கும் ஒழுங்கான முறை வகுக்கப்பட்டுள்ளது. திரையில் காணும் கூச்சலும் கடத்தலும் அதற்குத் தேவை இல்லை.

சட்டத்தை விடுங்கள், நம் மரபே அவ்வாறு கற்பிக்கவில்லையே! திருவில்லிபுத்தூர்த் துளசி வனத்தில் கிடைத்த பெண் மகவைப் பெரியாழ்வார் எடுத்து வளர்த்தார். ஆண்டாளைப் பெரியாழ்வாரின் மகள் என்றுதானே உலகம் போற்றுகிறது? கண்ணனை யசோதையின் மகன் என்றே தாலாட்டுகிறோம். தேரோட்டியின் மனைவி ராதை வளர்த்ததனால் கர்ணனுக்கு ராதேயன் என்றே பெயர். தன்னைப் பெற்றவள் குந்தி என்று அறிந்தபின்னும் அவன் வளர்த்தவளை மறுக்கவில்லை. அண்மைக் காலத்திலும், 2002இல் வெளிவந்த மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' திரைப்படத்தில், சிறுமி அமுதாவின் ஒன்பதாம் பிறந்தநாளில் பெற்றோரே உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். ஈழத்துப் போரினிடையே பெற்றவளைத் தேடிச் செல்லும் மகளுக்குத் துணையாகவும் செல்கிறார்கள். அங்கே உண்மை வெடிகுண்டாக வரவில்லை. துயரமாக வந்து அன்பில் தணிந்தது. அக்கதையையும் மக்கள் பார்க்கவே செய்தார்கள். ஆதலின் சுவை குன்றிவிடும் என்ற அச்சத்திற்கு இடமில்லை.

நாம் செய்யக்கூடியது என்ன? தொடர்களை வெறுத்து ஒதுக்குக என்று நாங்கள் கூறவில்லை. எங்கள் வீட்டிலும் பார்க்கிறோம். கருவிக்குத் தெரியாததைக் கடிதம் தெரிவிக்கட்டும் என்கிறோம். ஒரு காட்சி நெஞ்சைப் புண்படுத்தினால் முதலில் ஒளிபரப்பும் நிறுவனத்திற்கு எழுத வேண்டும். 2021ஆம் ஆண்டு திருத்திய விதிகளின்படி 15 நாட்களுக்குள் அந்நிறுவனம் தன் முடிவைத் தெரிவிக்கக் கடமைப்பட்டது. அதில் நிறைவு இல்லையேல், ஒளிபரப்பாளர்களே தமக்குள் அமைத்துக்கொண்ட முறையீட்டுக் குழுவை நாடலாம். பொழுதுபோக்கு அலைவரிசைகளுக்கென அத்தகைய குழு ஒன்று 2011இல் தோன்றியது. நன்றாக அமைந்த காட்சியைப் பாராட்டியும் இரண்டு வரி எழுதலாம். பாராட்டும் ஒரு வாக்கே. இந்தித் தொடர்கள் பல நம் ஊரிலேயே, கோரேகாவ் படப்பிடிப்பு நகரிலேயே உருவாகின்றன. மின்சார ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில் எழுதப்படும் கதைக்கு நம் குரல் எட்டாமற் போகுமா?

அதனினும் எளிய காரியம் ஒன்று நம் கையிலேயே இருக்கிறது. தொடரில் அந்தச் சொல் வரும்போது, பக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு, அது எந்தக் குழந்தையாயினும், "அவர் சொல்வது தவறு" என்று உடனே வாய்விட்டுச் சொல்லிவிடுதல். பெரியவர் பேசாதிருந்தால் ஒப்புக்கொண்டதாகவே குழந்தை எண்ணும்.

"உங்கள் சொந்த ஊர் எது?" என்று இந்நகரில் நம்மைக் கேட்காதவர் இல்லை. பிறந்த ஊரையும் சொல்கிறோம். நாற்பது ஆண்டு வாழ்ந்து பிள்ளைகளை ஆளாக்கிய இந்த ஊரையும் நம் ஊர் என்கிறோம். ஒன்றைச் சொல்வதால் மற்றது பொய்யாவதில்லை என்பது நமக்குத் தெரியும். அதனை அறிந்த நம் இல்லங்களிலேனும், ஒரு குழந்தையைப் பார்த்து "சொந்தமா?" என்ற கேள்வி எழாதிருக்கட்டும்.