மார்க்கர் சம்பளமும் நான் போட்ட கையெழுத்தும்

போன மாசம் ஆபீஸ் வேலையா ஒரகடத்துல ஒரு கார் ஃபேக்டரிக்குப் போயிருந்தேன். (பொட்டி தட்டுறவனுக்கு ஃபேக்டரில என்ன வேலைன்னு கேக்காதீங்க, அது தனிச் சோகம்.) திரும்பும்போது வடக்குப்பட்டு பக்கம் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். 2022ல் தொல்லியல் துறை குழி வெட்டி கற்கருவி எல்லாம் எடுத்தாங்களே, அதே வடக்குப்பட்டுதான். என்னோட பழைய சமாச்சாரமும் அங்கேயே புதைஞ்சு கிடந்திருக்கு போல.

"தம்பி, பேக்ஹேண்ட் இன்னும் வலையிலதான் அடிக்கிறியா?"

திரும்பிப் பார்த்தா எங்க காலேஜ் மார்க்கர் அண்ணன்! காண்ட்ராக்ட் கம்பெனி சட்டை, கழுத்துல ஐடி கார்டு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். டென்னிஸ் ஆடாத மக்களுக்கு: மார்க்கர்னா மண் கோர்ட்டுக்குத் தண்ணி தெளிச்சு, ரோலர் இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, வலை கட்டி, ஆள் குறைஞ்சா எதிர்ல நின்னு பந்தும் அடிக்கிறவர். எங்க காலேஜில் கோச்னு தனியா யாரும் கிடையாது. எனக்குத் தெரிஞ்ச டென்னிஸ் மொத்தமும் அவர் சொல்லிக் கொடுத்ததுதான்.

2017ல், மூணாம் வருஷம் படிக்கும்போது, நான் டென்னிஸ் செக்ரட்டரி. போட்டியின்றித் தேர்வு, ஏன்னா போட்டி போட ஆளே இல்லை. அப்பதான் முதல் தடவையா கணக்கு நோட்டைப் பார்த்தேன். மொத்தம் 2,400 பேர், தலைக்கு 500 ரூபாய் விளையாட்டுக் கட்டணம், ஆக 12 லட்சம். அதில் டென்னிஸுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம். மார்க்கர் சம்பளம் மாசம் 6,000 வீதம் 72,000. பந்து 30,000. போட்டிகளுக்கு நுழைவுக் கட்டணம், பஸ் செலவு 18,000. ஆடினது நாங்க ஆறே பேர்! எஜுகேஷன் லோன் வாங்கிப் படிச்ச என் ரூம்மேட் ராக்கெட்டைத் தொட்டதே இல்லை. அவன் கட்டினதிலும் அம்பது ரூபாய் எங்க ஆட்டத்துக்குத்தான் போச்சு. இது எனக்கு அப்ப உறைக்கவே இல்லை.

உறைச்சது வேற. மாசக் கடைசியில் வவுச்சரில் 6,000னு இருக்கும். அண்ணன் அதில் கையெழுத்து போடுவார். சாட்சியா நான் போடணும். அவர் கைக்கு வந்தது 3,500. ஆபீஸ்ல கேட்டேன். "எல்லா டீமுக்கும் இப்படித்தான்ப்பா. மண்ணு, ரோலர் ரிப்பேர் எல்லாம் எதுலேர்ந்து வருதுன்னு நினைக்கிற?"ன்னாங்க. மண்ணும் வரலை, ரோலரும் கிறீச் கிறீச்னுதான் இருந்துச்சு. அடுத்த வாரம் வெளியூர் மேட்ச், பஸ் காசு அதே மேஜையிலிருந்துதான் வரணும். போட்டேன். பத்து மாசம் போட்டேன்.

காலேஜ் டென்னிஸ்ங்கிறது எங்கேயுமே தன் சோத்தைத் தானே சம்பாதிக்கிற விளையாட்டு இல்லை. சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008னு ரெண்டு வருஷம் அமெரிக்கக் கல்லூரி சாம்பியன் ஆனார். மதுரை தட்சிணேஸ்வர் சுரேஷ் இருந்த வேக் ஃபாரஸ்ட் அணி 2025ல் பட்டம் வாங்கிச்சு. அந்த மாதிரி பெரிய பல்கலைக்கழகங்களில் டென்னிஸ் செலவுக்குப் பெரும்பாலும் கைகொடுக்கிறது அவங்க ஃபுட்பால் வருமானம். அப்படியும் முதல் டிவிஷன் ஆண்கள் அணிக்கு ரொம்ப காலம் மொத்தமே நாலரை ஸ்காலர்ஷிப்தான், அதைப் பிச்சுப் பிச்சுக் கொடுப்பாங்க. 2020ல் கொரோனா வந்து வருமானம் படுத்ததும் அயோவாவும் மின்னசோட்டாவும் ஆண்கள் டென்னிஸ் அணியை மூடப்போறதா அறிவிச்சாங்க. 2025 ஜூனில் ஒரு கோர்ட் (இது நெசமான கோர்ட்டு) ஒப்புதல் கொடுத்த சமரசத்துக்கு அப்புறம், ஒரு பல்கலைக்கழகம் 2025-26ல் தன் வீரர்களுக்கு நேரடியா 2 கோடியே 5 லட்சம் டாலர் வரைக்கும் பங்கு கொடுக்கலாம். அந்தப் பங்கில் பெரும்பகுதி ஃபுட்பால், கூடைப்பந்து பசங்களுக்குத்தான். நாலரைங்கிற உச்சவரம்பு போய், அணிக்குப் பத்து பேர்னு வந்திருக்கு. பத்து பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம். ஆனா டென்னிஸுக்குன்னு யார் காசு எடுத்து வைப்பாங்க?

ஒரு விஷயத்துல மட்டும் அவங்க மேல பொறாமை. 1994ல் போட்ட சட்டப்படி அங்கே கல்லூரிகள் விளையாட்டு வரவு செலவை வருஷா வருஷம் வெளியிடணும். எந்தப் பையன் வேணும்னாலும் பார்க்கலாம். நான் பார்த்தது ஒரு வவுச்சர், அதுவும் நான் செக்ரட்டரியா இருந்ததால.

டீ ஆறிடுச்சு. அண்ணன் பேசிக்கிட்டே இருந்தார். காலேஜ் கோர்ட் இப்ப டூவீலர் பார்க்கிங்காம். கொரோனாவில் நிறுத்தின சம்பளம் திரும்ப வரவே இல்லையாம். பையன் பிளஸ் டூ. ஒரு அபார்ட்மெண்ட் கோர்ட்ல ஞாயித்துக்கிழமை இவர் பந்து அடிக்கப் போவாராம், அப்ப அவனையும் கூட்டிட்டுப் போயி ஆட வைக்கிறாராம். விளையாட்டு ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் கிடைக்குமான்னு கேட்டார். "டென்னிஸ் டீம் இருக்கிற காலேஜா பாத்துச் சொல்லு தம்பி."

அதுக்கு மேல என்னால முடியலை. வவுச்சர் விஷயத்தைச் சொல்லிட்டேன்.

"நானும்தானே போட்டேன்"ன்னார். கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்துட்டு, "அந்த வருஷம் மழைக்கு முன்னாடி கூரைக்கு ஷீட் மாத்தணும்னு இருந்தேன். முடியலை"ன்னார். திட்டியிருந்தா தேவலை.

பத்து மாசம், இருபத்தஞ்சாயிரம். ஜிபே நம்பர் கேட்டேன், சிரிச்சுட்டு கொடுக்கலை. "நீயா எடுத்த?"ன்னார். பையன் ராக்கெட்ல கட் அறுந்து கிடக்காம், அதை வேணா போட்டுக் கொடுன்னார். வாங்கிட்டு வந்திருக்கேன். வண்டி பின்சீட்ல கிடக்கு. ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு கோர்ட்டுக்கு வரச் சொல்லியிருக்கார்.