மட்டாஞ்சேரியில் ஒரு ஹெரால்டு

மட்டாஞ்சேரிக்கு வருவோர் அங்குள்ள பழைய அரண்மனையைக் காணாமல் திரும்புவதில்லை. போர்ச்சுக்கீசியர் 1555-இல் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்த அம்மாளிகையில், இராமாயணச் சுவரோவியங்களுடன் பழைய பல்லக்குகளும் காட்சிக்கு உள்ளன. ஓடி ஓய்ந்த ஊர்தியையும் துடைத்துப் பேணிப் பிறர் காண வைப்பது நமக்குப் புதிதன்று.

அதே மட்டாஞ்சேரியில், மிளகும் சுக்கும் மணக்கும் கிடங்குத் தெரு ஒன்றில், நம்மவர் ஒருவர் தம் காரை உள்ளூர்ப் பழங்கார்க் காட்சிக்கு ஆயத்தம் செய்வதைச் சென்ற ஆண்டு காண நேர்ந்தது. போடிநாயக்கனூரிலிருந்து வந்து இங்கே மிளகுத் தரகு செய்த அவருடைய தந்தையார் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு அது. தந்தையார் இன்றில்லை.

அந்தக் காரும் ஒரு வகையில் நம் ஊர்க்காரர்தான். இத்தாலியரான மிக்கெலோட்டி வடிவமைக்க, இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு, 1961 முதல் சென்னை ஸ்டாண்டர்டு நிறுவனத்தாரால் இந்தியாவில் தயாரிக்கப்பட்டது. அதன் உடற்பகுதிகள் தனியான எஃகு அடிச்சட்டத்தின்மீது திருகாணிகளால் பொருத்தப்பட்டவை. முன்மூடியும் பக்கத் தகடுகளும் ஒன்றாக முன்னோக்கிச் சாய்ந்து, எஞ்சின் முழுவதையும் காட்டும்.

நண்பர் முதலில் கவனித்தது பளபளப்பை அன்று, அடிச்சட்டத்தையே. கடற்காற்றின் உப்பு ஈரத்தை ஈர்த்துத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும்; ஈரம் நின்ற இடத்தில் துரு விரையும். கடலோரத்தில் தண்டவாளத்தை உப்பு அரிப்பதை எம்போன்ற ரயில்வே ஊழியர் நன்கறிவோம். ஆகவே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவி, மண் அடைத்த இடுக்குகளைத் தூரிகையால் தூய்மைசெய்து உலர்த்தினார்.

மேற்பாகத்தை நிழலில் நிறுத்தியே கழுவினார். வெயிலில் தண்ணீர் விரைந்து உலர்ந்து கறை விடும். முதலில் தண்ணீரை மட்டும் ஊற்றித் தூசியை இளக்கினார்; பிறகு இரண்டு வாளிகள், ஒன்றில் சோப்பு நீர், மற்றொன்று துணியை அலச. மேலிருந்து கீழாகவே துடைத்தார். மணல் ஒட்டிய துணி வண்ணத்தைக் கீறிவிடுமன்றோ! குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்ப்பது நம் இல்லத்து வழக்கம். குரோமியப் பூச்சுக்கு அது ஆகாது. தலைமயிரினும் மெல்லிய அப்பூச்சை மென்துணியே காக்கும். இறுதியில் பிரேசில் நாட்டுப் பனைவகையொன்றின் இலையிலிருந்து எடுக்கும் கார்னூபா மெழுகு பூசப்பட்டது.

ஒரு சிக்கல் எஞ்சியது. ஓட்டுநர் பக்கக் கதவின் மேல்விளிம்பில் வண்ணம் தேய்ந்து அடிப்பூச்சு தெரிந்தது. மெருகுப் பசையால் தேய்த்தால் எஞ்சிய வண்ணமும் போகும். வண்டி முழுவதற்கும் புது வண்ணம் அடித்தால்தான் பரிசு கிட்டும் என்றார் பட்டறைக்காரர். நண்பரும் ஏறக்குறைய இசைந்துவிட்டார். திண்ணையில் அமர்ந்திருந்த அவருடைய தாயார், "உங்கள் அப்பா கை ஊன்றிய இடமப்பா அது. அதை மட்டும் விட்டுவிடு" என்றார்.

நண்பர் மறுமொழி கூறவில்லை. பட்டறைக்காரரை அனுப்பிவிட்டு, அவ்விடத்தில் துருவேறாதபடி மெழுகை மட்டும் மெல்லத் தடவினார்.

இது தாயன்பின்பாற்பட்ட முடிவு மட்டும் அன்று. அமெரிக்காவில் 1950 முதல் நடந்துவரும் பெப்பிள் பீச் காட்சியில், புதுப்பிக்கப்படாமல் பேணப்பட்ட கார்களுக்கெனத் தனிப் பிரிவே உண்டு. புது வண்ணம் எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். பழைய வண்ணம் போனால் திரும்ப வராது என்பதே காரணம்.

நம் காட்சியில் பரிசு, புது வண்ணம் பூசிய வேறொரு காருக்கே சென்றது. மாலையில் தாயாரை முன்னிருக்கையில் அமர்த்தி நண்பர் வீடு திரும்பினார். கணவர் மறைந்த பின் அம்மையார் அந்தக் காரில் ஏறியது அதுவே முதன்முறை.

ஊர்விட்டு வந்த நம் இல்லங்களில் கார் இல்லாவிடினும், தந்தையார் ஓட்டிய சைக்கிளோ தாயார் தைத்த தையல் இயந்திரமோ இருக்கலாம். அவற்றைத் துடைக்குமுன், எது அழுக்கு, எது அவர்கள் கைபட்ட தேய்மானம் என்று ஒருகணம் பார்த்துக்கொள்வது நலம்.