திகதி இல்லாத படங்கள்

"காக்கா, புதுசா விண்டோஸ் போட்டாச்சு. இப்ப நல்ல ஸ்பீட்."

கடைக்காரத் தம்பி சந்தோசமாகத்தான் சொன்னார். நான் கொம்பியூட்டரைத் திறந்து முதலில் தேடியது 'டி' டிரைவை. அது இல்லை. கேட்டபோது, "எல்லாத்தையும் ஒரே டிரைவ் ஆக்கிட்டன், இடம் கூடுதலா இரிக்கும்" என்றார். அந்த 'டி' டிரைவுக்குள்தான் எங்கட குடும்பத்தின் இருபது வருசம் இருந்தது.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உள்ளே படங்கள் இருக்கின்றன என்று நான் சொல்லவில்லை. வேறெங்கும் பிரதி எடுத்து வைக்கவும் இல்லை. பிழையில் பாதி என்னுடையது.

2024 நவம்பர் கடைசியில் மாவடிப்பள்ளியில் இருந்த யாருக்கும் அந்த நாட்களை விளக்கத் தேவையில்லை. எங்கட ஊர் வயலுக்கு நடுவே இருக்கிறது. தண்ணீர் ஏறினால் காரைதீவுப் பக்கமும் சம்மாந்துறைப் பக்கமும் வீதி மூழ்கிவிடும். 26ஆம் திகதி அந்த வீதியில் மத்ரஸாப் பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டு போனது. நாட்கணக்காகத் தேடினார்கள். பிள்ளைகளின் ஜனாஸாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்தன. ஊரே வாயடைத்துப்போன அந்த வாரத்தில், எங்கட வீட்டு அலுமாரிக்கு மேல் ஏற்றி வைத்த பழைய கொம்பியூட்டரைப் பற்றி நினைக்கவே வெட்கமாக இருந்தது. தண்ணீர் வற்றி, வீடு கழுவி, அதை இறக்கி வைத்தபோது ஓன் ஆகவில்லை. அப்படித்தான் கடைக்குப் போனது.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றிரவு உம்மா கேட்டா: "மகன், வாப்பாட படம் இரிக்கிதா?" உம்மா சொன்ன 'வாப்பா' என்ட மூத்தவாப்பா. நான் பிறக்க முதலே மௌத்தானவர். சாய்ந்தமருதில் இருந்த அவரது வீட்டையும் அல்பங்களையும் 2004 டிசம்பர் 26 சுனாமி கொண்டுபோய்விட்டது. கட்டாரில் இருந்த மாமாவிடம் மட்டும் பழைய படங்கள் பதினொன்று தப்பியிருந்தன. அவர் லீவில் வந்தபோது வாப்பா அவற்றைக் கல்முனையில் ஒரு கடையில் ஸ்கேன் பண்ணினார். மூலப் படங்கள் மாமாவோடு திரும்பிப்போய், வீடு மாறியதில் தொலைந்தன. ஆக, மூத்தவாப்பாவின் முகம் இந்த உலகத்தில் இருந்த ஒரே இடம் அந்த ஹார்ட் டிஸ்க்.

"இரிக்கி உம்மா" என்றேன். பொய்.

அடுத்த நாள் செய்த முதல் வேலை, கொம்பியூட்டரை நிறுத்தியது. இதை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபோர்மட் பண்ணினால் படங்கள் உடனே மறைந்துவிடுவதில்லை. ஒரு நூலகத்தில் அட்டவணையை மட்டும் கிழித்தெறிந்த மாதிரி. புத்தகங்கள் தட்டிலேயே இருக்கும், எது எங்கே என்றுதான் தெரியாது. ஆனால் கொம்பியூட்டர் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிசமும் "வெறும் தட்டுத்தானே" என்று நினைத்துப் புதுசாக எதையாவது அடுக்கும். அடுக்கிய இடத்தில் பழையது போனது போனதுதான். எங்களுடையது பழைய வகை, சுழலும் டிஸ்க். இன்றைய எஸ்எஸ்டியாக இருந்திருந்தால், டிரிம் என்ற வசதி வெற்றிடத்தைத் தானே துடைத்துவிடும். மீட்பதற்குப் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது.

மச்சான் லெப்டொப்பையும் ஒரு டெராபைட் வெளி டிஸ்க்கையும் தந்தார். டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருளால் எங்கட 500 ஜீபி டிஸ்க்கை அப்படியே, வெற்றிடம் உட்பட, ஒரு பெரிய கோப்பாகப் பிரதி எடுத்தேன். வாசிக்க முடியாத இடத்தில் அது மல்லுக்கட்டாது. தாண்டிப்போய், நல்ல இடங்களை எல்லாம் எடுத்த பிறகுதான் கெட்ட இடத்துக்குத் திரும்பி வரும். ஒரு இரவும் அடுத்த நாள் அஸர் வரையும் ஓடியது. அதற்குப் பிறகு மூல டிஸ்க்கை நான் தொடவில்லை. எல்லா வேலையும் பிரதியில்தான். நோயாளியை ஒருமுறை மட்டும் தொடு, மிச்சப் பரிசோதனையை எக்ஸ்ரேயில் செய்.

பிறகு போட்டோரெக். கிறிஸ்தோஃப் கிரெனியே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதியது, இதுவும் இலவசம். அது அட்டவணையைத் தேடாது, தட்டுத் தட்டாகத் தடவிப் பார்க்கும். எல்லா ஜேபெக் படமும் எஃப்எஃப் டி8 என்ற இரண்டு பைட்டில் தொடங்கும், எஃப்எஃப் டி9 இல் முடியும். தொடக்கத்தைக் கண்டால் அங்கிருந்து வெட்டி எடுத்துக் கொடுக்கும். கோப்பின் பெயரும் போல்டரும் வராது. 'பெருநாள் 2009' என்று வாப்பா கவனமாகப் பெயர் வைத்ததெல்லாம் ஒரு எழுத்தும் ஏழெட்டு இலக்கமுமாக வந்து விழுந்தது.

வந்தவை நாற்பத்தோராயிரம். அதில் முக்கால்வாசி குப்பை. இணையத்தில் பார்த்த விளம்பரங்கள், பொத்தான்கள், யாரோ நடிகரின் தலை. எனவே ஒரு வடிகட்டி வைத்தேன். கெமரா ஒரு படம் எடுக்கும்போது தன் மாதிரிப் பெயர், திகதி, நேரம் எல்லாவற்றையும் எக்சிஃப் என்ற குறிப்பாகப் படத்துக்குள்ளேயே எழுதிவிடும். அந்தக் குறிப்பு உள்ளதெல்லாம் ஒரு பக்கம், இல்லாததெல்லாம் 'குப்பை' என்ற போல்டருக்கு. ஒரே படம் இரண்டு மூன்று தடவை இருந்தால் ஒன்றை மட்டும் வைத்தேன். கடைசியில் ஆறாயிரத்துச் சொச்சம்.

நேரங்கள் மட்டும் குழம்பிக் கிடந்தன. பெருநாள் தொழுகை முடிந்து எடுத்த படத்தில் நேரம் காலை 5 மணி. பிறகுதான் விளங்கியது, வாப்பா 2005இல் சவூதியிலிருந்து கெமராவைக் கொண்டுவந்தவர், அதன் மணிக்கூட்டை மாற்றவே இல்லை. சரி, இரண்டரை மணித்தியாலம் கூட்டினால் முடிந்தது என்று பார்த்தால், தொடக்கத்துப் படங்களுக்கு அதுவும் பொருந்தவில்லை. காரணம் நாடு! 2006 ஏப்ரல் நடுப்பகுதி வரை இலங்கை நேரம் இப்போதையதைவிட அரை மணித்தியாலம் முன்னால் ஓடியது. ஆக, அதற்கு முந்திய படங்களுக்கு மூன்று மணித்தியாலம், பிந்தியவற்றுக்கு இரண்டரை. எக்சிஃப்டூல் என்ற கருவியில் இரண்டு வரிக் கட்டளை போதும்.

சில படங்கள் பாதிதான் வந்தன. மேலே தென்னை மரமும் சாச்சியின் தலையும், கீழே முழுக்கச் சாம்பல் நிறம். ஜேபெக்கில் ஒவ்வொரு துண்டும் முந்திய துண்டின் தொடர்ச்சியாகத்தான் வாசிக்கப்படும். நடுவில் அறுந்தால் மிச்சம் விளங்காது. புது விண்டோஸ் ஏறிக் குந்திய இடம் அது. ஆனாலும் கெமராப் படத்துக்குள் பெரும்பாலும் ஒரு குட்டிப் பிரதியும் இருக்கும், முத்திரை அளவில். அதை வெளியே எடுத்தேன். மங்கல்தான். ஆனால் சாச்சி சிரிக்கிறா என்று தெரிந்தது.

உம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு மணித்தியாலம் பார்த்தா. கடைசியில் கேட்டா: "எல்லாம் சரி, வாப்பா எங்க?"

ஆறாயிரத்தில் அவர் இல்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது. இரவு ஒரு மணிக்குத்தான் மூளை வேலை செய்தது. ஸ்கேன் பண்ணிய படத்துக்குக் கெமராவும் இல்லை, எடுத்த திகதியும் இல்லை. நான் வைத்த வடிகட்டியே மூத்தவாப்பாவைக் குப்பையில் போட்டிருக்கிறது!

நல்ல காலம், குப்பையை அழிக்கவில்லை. அளவில் பெரியவற்றை மட்டும் பிரித்து ஒன்றொன்றாகப் பார்த்தேன். சுபஹுக்குப் பாங்கு சொல்லும் நேரம், சாரமும் தொப்பியுமாக, கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி மூத்தவாப்பா வந்தார். பதினொன்றில் ஒன்பது கிடைத்தன. உம்மா திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தா. எனக்குப் பேச்சு வரவில்லை.

ஜப்பானில் 2011 சுனாமிக்குப் பிறகு, சேற்றில் கிடந்த படங்களைத் தொண்டர்கள் பொறுக்கிக் கழுவி, உலர்த்தி, மண்டபங்களில் வரிசையாக வைத்தார்கள். வீடிழந்த சனங்கள் வந்து தங்கள் முகங்களைத் தேடி எடுத்துக்கொண்டார்கள். அது ஏன் என்று அந்த விடியலில்தான் எனக்கு விளங்கியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போட்டோரெக்குக்குத் தொலைந்தது வேறு, வேண்டாமென்று அழித்தது வேறு என்ற பேதம் இல்லை. இரண்டையும் கொண்டுவந்து முன்னால் போடும். 2011இல் றாத்தாவுக்கு ஒரு கலியாணம் பேசி, நிச்சயம் வரை போய், முறிந்தது. அந்தப் படங்களை அவ அன்றே அழித்தவ. இப்போது நாற்பது படமும் என் முன்னால். இரண்டைப் பார்த்ததும் மூடிவிட்டேன். றாத்தாவுக்கு இப்போது வேறு குடும்பம், இரண்டு பிள்ளைகள். சொல்லாமல் அழித்துவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் அது என்னுடைய படம் இல்லையே. கோல் எடுத்தேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நீ பாத்தியா?"

"ரெண்டு பாத்தன். மூடிட்டன்."

"அழிச்சிரு. ஆனா மூத்தம்மா எனக்குத் தலையில பூ வெக்கிற படம் ஒண்டு இரிக்கும். அதுல நாங்க ரெண்டு பேர்தான். அத மட்டும் எனக்கு அனுப்பு."

அனுப்பினேன். மிச்சத்தை அழித்தேன். அந்த 500 ஜீபி பிரதிக்குள்ளும் மூல டிஸ்க்கிலும் அவை இன்னும் இருந்தன. எனவே வேலை எல்லாம் முடிந்ததும் இரண்டையும் முழுக்கப் பூச்சியத்தால் நிரப்பித் துடைத்தேன். பழைய கொம்பியூட்டரையோ மெமரி காட்டையோ விற்கும்போது, திருத்தக் கொடுக்கும்போது, குறிப்பாகத் தங்கச்சிமார், இதை யோசியுங்கள். எனக்கு முடிந்தது யாருக்கும் முடியும்.

இப்போது படங்கள் மூன்று இடத்தில் இருக்கின்றன. வீட்டுக் கொம்பியூட்டரில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, வெள்ளம் எட்டாத தூரத்தில் கண்டியில் இருக்கும் சாச்சா வீட்டில் ஒன்று. வட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், அது படத்தைச் சுருக்கி, எக்சிஃப் குறிப்பையும் கழற்றிவிடும்.

மூத்தவாப்பாவின் ஒன்பது படங்களுக்கும் திகதி போட உம்மாவோடு குந்தினேன். எந்த வருசம் என்று அவவுக்கும் சரியாகத் தெரியவில்லை. "எனக்குப் பல்லு விழுந்த வருசம்" என்றா ஒன்றுக்கு. கொம்பியூட்டர் அதைத் திகதியாக ஏற்காது. கோப்பின் பெயராக அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.