காலை வாருவதும் காலை இழுப்பதும்

ஆங்கிலத்தில் ‘புல்லிங் யுவர் லெக்’ என்றால் விளையாட்டுக்காகச் சீண்டுதல். அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ‘உன் காலை இழுக்கிறேன்’ என்றாகிறது. நம் காதில் அது ‘காலை வாரிவிடுகிறேன்’ என்பதற்கு மிக அருகில் வந்து விழுகிறது. காலை வாருவது தமிழில் கேலியன்று, துரோகம். கன்னடத்தின் ‘காலு எளெயோது’ இரண்டிற்கும் நடுவே நிற்கிறது. நண்பனைக் கேலி செய்வதற்கும் முன்னேறுகிறவனைக் கீழே இழுப்பதற்கும் அதுவே சொல். ஸ்பானிய மொழியினர் இதே சீண்டலை ‘முடியை எடுத்தல்’ என்கிறார்கள். அவர்களுக்கு ஆங்கிலக் கால் வெறும் புதிர். விளக்கம் கேட்டு அறிந்துகொள்வார்கள். நமக்கோ அது புரிந்துவிட்டதுபோல் தோன்றுகிறது. அறியாத தொடரைவிட, அறிந்ததாகத் தோன்றும் தொடரே கற்பவரை அதிகம் சறுக்கவைக்கிறது.

இதை நான் நூலில் கற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அல்சூர்ப் பக்கம் பத்துப் பன்னிரண்டு இளைஞர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். அவர்களுக்கு வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், சந்தையில் இந்தியும் தக்கணி உருதுவும் கலந்த ஒரு பேச்சு. ஆங்கிலம் வேலைக்கு மட்டும். அவர்களுள் ஒரு பெண் வாடிக்கையாளர் சேவை நிறுவனம் ஒன்றில் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அவளுடைய மேலாளர், அடுத்த மாதமும் இரவுப்பணிதான் என்று அறிவித்து, அவள் முகம் வாடியதும் சிரித்துக்கொண்டே மேற்சொன்ன தொடரைச் சொல்லியிருக்கிறார். “செய்றதையும் செஞ்சுட்டு, சிரிச்சுக்கிட்டே ஒத்துக்கிறார்க்கா” என்று அவள் என்னிடம் வந்து பொருமினாள். இரவுப்பணி விதிக்கப்படவே இல்லை என்பது அவளுக்கு விளங்க இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் அவள் வேலையை விட்டுவிடும் எண்ணத்தில் இருந்தாள். வீட்டு வாடகையில் பாதி அவள் சம்பளம்.

இவர்கள் கையில் இருப்பதெல்லாம் நகலெடுத்து நகலெடுத்து எழுத்து மங்கிப்போன ஒரு பட்டியல். இடப்பக்கம் ஆங்கிலத் தொடர், வலப்பக்கம் பொருள். நேர்காணலில் நான்கைந்தை எடுத்துவிட்டால் வேலை உறுதி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பட்டியலின் முதல் வரியில் வழக்கம்போல் பூனையும் நாயும் மழையாய்ப் பெய்கின்றன. ஆறு ஆண்டுகளாக இந்நகரில் இருக்கிறேன். மழை நாளில் ஒருவரும் இத்தொடரைச் சொல்லி நான் கேட்டதில்லை. இங்கே மழை பெய்தால் சில்க் போர்டு சந்திப்பைப் பற்றித்தான் பேச்சு.

பட்டியல் பொய் சொல்வதில்லை. ஆனால் யார், யாரிடம், எப்போது சொல்லலாம் என்பதை அது சொல்வதில்லை. ‘கிக் தி பக்கெட்’ என்பதற்கு நேரே ‘இறத்தல்’ என்று எழுதியிருக்கும். தமிழில் காலமானார், இறைவனடி சேர்ந்தார், மண்டையைப் போட்டான் ஆகிய மூன்றுக்கும் அதே பொருள்தான். மூன்றாவதைத் துக்க வீட்டு வாசலில் சொல்லக்கூடாது என்பதைப் பத்து வயதுக் குழந்தையும் அறியும். 13ஆம் நூற்றாண்டு நன்னூல் தகுதி வழக்கு என்று ஒரு வகையை வகுத்து, மங்கலம், இடக்கரடக்கல், குழூஉக்குறி என மூன்றாகப் பிரித்தது இதற்காகத்தான். பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து மறந்துபோன அந்தப் பகுதியை, ஆங்கில வகுப்பில் கரும்பலகையில் எழுதினேன். பட்டியலில் எவை மங்கலம், எவை மண்டையைப் போடும் வகை என்று பிரிக்கச் சொன்னேன். ஒரு மணி நேரம் சண்டைபோட்டுக்கொண்டு பிரித்தார்கள்.

மொழியியலில் இத்தொடர்களின் உள்ளமைப்பைப் பற்றி ஜெஃப்ரி நன்பர்க், ஐவன் சாக், தாமஸ் வாசோ ஆகிய மூவரும் 1994இல் ஒரு முதன்மையான கட்டுரை எழுதினார்கள். வாளியை உதைக்கும் தொடரைப் பிரிக்க முடியாது. உதை எது, வாளி எது என்று பொருளைப் பங்கிட வழியில்லை. ‘ஸ்பில் தி பீன்ஸ்’ அப்படியன்று. சிந்துதல் வெளிப்படுத்துதலாகவும், பயறு இரகசியமாகவும் பிரிந்து நிற்கும். எனவே செயப்பாட்டு வினையிலும் பொருள் கெடாது. தமிழிலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். ‘குட்டை உடைத்தான்’ என்பதைக் ‘குட்டு உடைந்தது’ என்று மாற்றினாலும் பொருள் நிற்கிறது. ‘மண்டை போடப்பட்டது’ என்று சொல்லிப் பாருங்கள்! வகுப்பில் சிரிப்பு அடங்கச் சிறிது நேரமாயிற்று. இலக்கணம் தங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று அவர்கள் கண்டுகொண்ட சிரிப்பு அது.

அதன்பின் முறையை மாற்றினேன். ஆங்கிலத் தொடரை முதலில் சொல்வதில்லை. பொருளைச் சொல்லி, உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்கிறேன். ஏமாற்றுவதற்குத் தமிழில் நாமம் போட்டான், கன்னடத்தில் ‘நாம ஹாகிதா’. நம்பாத கதை சொல்பவரிடம் காதில் பூ சுற்றாதே என்போம். கன்னடத்திலும் பூ அதே காதுக்குத்தான் போகிறது. பொறாமைக்கு இங்கே வயிற்றெரிச்சல், அங்கே ‘ஹொட்டெகிச்சு’, அதாவது வயிற்றுத் தீ. திட்டு வாங்கினால் தமிழில் அர்ச்சனை, கன்னடத்தில் மங்களாரதி. கோயில் ஒன்றுதான், பூசையில் மட்டும் சற்று முன்பின்.

இவற்றில் எது உடன்பிறந்த மொழிகளின் பொதுச்சொத்து, எது கடன் என்று அறுதியிடுவது கடினம். வெவ்வேறு குடும்பத்து மொழிகளும் பக்கத்தில் வாழ்ந்தால் ஒன்றுபோலாகும் என்பதை எமனோ 1956இல் ‘இந்தியா ஒரு மொழியியல் பரப்பு’ என்ற கட்டுரையில் நிறுவினார். கர்நாடக எல்லையை ஒட்டிய மகாராஷ்டிரக் கிராமமான குப்வாரில் கன்னடமும் மராத்தியும் உருதும் பேசுவோரின் தொடரமைப்புகள் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டதை 1971இல் கம்பர்ஸும் வில்சனும் காட்டினார்கள். அல்சூர்ச் சந்தையில் நின்று கேட்டால் எனக்குக் குப்வார் நினைவுக்கு வரும்.

அலுவலக ஆங்கிலத்துக்கு வந்தால் அந்தத் துணை அறுந்துவிடுகிறது. ‘டச் பேஸ்’, ‘பால்பார்க் ஃபிகர்’ இரண்டும் பேஸ்பால் ஆட்டத்திலிருந்து வந்தவை. என் மாணவர்களுள் ஒருவரும் அந்த ஆட்டத்தைப் பார்த்ததில்லை. அவற்றை நாள்தோறும் உதிர்க்கும் மேலாளர்களுள் எத்தனை பேர் பார்த்திருப்பார்களோ! ‘ஆன் தி பேக் ஃபுட்’ என்றால் மட்டும் ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. கிரிக்கெட் மட்டையைப் பிடித்த பையன் ஒருவன் எழுந்து, பின்காலில் சாய்ந்து, தற்காத்துக் காட்டினான்.

மாணவர்களிடம் நான் வெளிப்படையாகச் சொல்வது இதுதான்: இத்தொடர்கள் காதில் விழுந்தால் உங்களுக்குப் புரிய வேண்டும், நீங்கள் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. ‘தோராயமாக எவ்வளவு’ என்று எளிய ஆங்கிலத்தில் கேட்டு வேலை இழந்தவர் எவருமில்லை. மேலாளர் இடம் தவறிச் சொன்னால் அது பாணி, புதிதாய்ச் சேர்ந்தவர் சொன்னால் நகைப்பு. அந்த நகைப்புக்கு அஞ்சிக் கூட்டங்களில் வாய் திறவாமல் இருக்கும் பிள்ளைகளை நான் அறிவேன். அவர்களுக்குத் தெரிந்த மொழிகளில் பாதிகூடத் தெரியாதவர்கள்தாம் பெரும்பாலும் சிரிக்கிறார்கள் என்பது என் கட்சி.

வரும் ஞாயிறு, விலை மிக அதிகம் என்பதற்கான தொடர்கள். ஆங்கிலேயர் ஒரு கையும் ஒரு காலும் கொடுக்கிறார்கள். ஸ்பானியர் முகத்திலுள்ள கண் ஒன்றைக் கொடுக்கிறார்கள். நாம் யானை விலை குதிரை விலை என்கிறோம். கன்னடத்திலும் தெலுங்கிலும் தக்கணியிலும் வீட்டுப் பேச்சில் இதை எப்படிச் சொல்வீர்கள்? அகராதியைப் பார்க்காமல், உங்கள் பாட்டி சொன்னதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். சனிக்கிழமை இரவுக்குள் வந்தால் கரும்பலகையில் ஏறிவிடும்.